விதைப் பொட்டலம் சொல்லும் வசந்தம் நமக்கு எப்போது?

செடி கொடிகள் விற்கும் கடைக்குப் போனால், விதைப் பொட்டலங்கள் தொங்கும் பகுதியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குண்டு குண்டான பட்டாணி, மடிப்பு மடிப்பாய் விரிந்த சாலட் இலை, கண்ணைப் பறிக்கும் பூக்கள் என்று ஒவ்வொரு படமும் நம்மை அழைக்கும். பொட்டலத்தைத் திருப்பினால் பின்புறம் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: ‘வசந்தத்தின் தொடக்கத்தில் விதைக்கவும்.’

மலேசியாவில் வசந்தம் எந்த மாதம் தொடங்குகிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி. தன் சேமிப்புக் காசில் லெட்டூஸ், பட்டாணி, ஸ்பினாச் என்று மூன்று பொட்டலங்கள் வாங்கி, ‘வசந்தம் என்றால் மார்ச்’ என்று இணையத்தில் பார்த்து, மார்ச் மாதத்திலேயே பள்ளித் தோட்டத்தில் விதைத்தாள். லெட்டூஸ் முளைக்கவே இல்லை. ஸ்பினாச்சில் நான்கைந்து தலைகாட்டி வாடிப்போயின. பட்டாணி மட்டும் முழங்கால் உயரம் வளர்ந்தது. பிறகு அடியிலைகள் பழுத்து, பூத்த ஓரிரு பூவும் உதிர்ந்து, காய்க்காமலே காய்ந்துவிட்டது.

“எனக்குக் கைராசி இல்லை, டீச்சர்” என்றாள்.

“தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பாய்” என்றேன் நான். அது தவறான பதில் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் பொட்டலத்தில் எழுதியிருந்தபடிதான் செய்தாள். அந்தக் குறிப்பு நம் ஊருக்காக எழுதப்பட்டதன்று என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி முளைக்காத பொட்டலங்கள் இருக்கலாம். கைராசியைப் பழிக்கும் முன், அந்த ஒரு வரிக்குள் என்ன அறிவியல் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வசந்தம் ஒரு தேதி அன்று

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் லண்டனில் பகல் வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ். இரவில் சுமார் 4 டிகிரி. காலையில் புல்லின்மேல் வெண்ணிறமாய் உறைபனி படிந்திருக்கும் நாள்களும் உண்டு. இந்தக் குளிரில்தான் அங்குள்ளவர்கள் பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, லெட்டூஸ் ஆகியவற்றின் விதைப்பைத் தொடங்குகிறார்கள். அனுபவசாலிகள் நாள்காட்டியைப் பார்ப்பதைவிட மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார்கள். மண் சுமார் 7 டிகிரியை எட்டியதும் வேலை தொடங்கும். தக்காளியும் வெள்ளரியும் பூசணியும் அப்போது வெளியே வருவதில்லை. உறைபனி முழுவதும் விலகிய பிறகுதான் அவற்றுக்குத் தோட்டத்தில் இடம்.

ஆக, ‘வசந்தத்தின் தொடக்கம்’ என்ற சொல்லுக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மண் இன்னும் குளிர்ந்திருக்கிறது. இரண்டு, பகல் நாளுக்கு நாள் நீண்டு வருகிறது. மூன்று, நீண்ட குளிர்காலம் ஒன்று இப்போதுதான் முடிந்திருக்கிறது.

கோலாலம்பூரில் இவற்றில் எது இருக்கிறது? ஆண்டு முழுவதும் இரவில் சுமார் 24, பகலில் சுமார் 33 டிகிரி. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஏறக்குறைய 20 நிமிடம்தான். லண்டனில் அந்த வேறுபாடு எட்டு மணி நேரத்துக்கும் மேல். குளிர்காலம் என்ற ஒன்றோ நமக்குக் கிடையாது. மூன்று செய்திகளில் ஒன்றுகூட நம் மண்ணில் விதைக்கு எட்டுவதில்லை.

விதைக்குள் ஒரு வெப்பமானி

ஒவ்வொரு விதைக்கும் முளைப்பதற்கென ஒரு வெப்ப எல்லை உண்டு. லெட்டூஸும் ஸ்பினாச்சும் சுமார் 2 டிகிரியிலேயே முளைக்கத் தொடங்கக்கூடியவை. பட்டாணி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றுக்குச் சுமார் 4 டிகிரி போதும். தக்காளிக்குச் சுமார் 10 வேண்டும். வெண்டைக்கும் கத்தரிக்கும் சுமார் 16 டிகிரியாவது இருந்தால்தான் அசைவே வரும்.

மேல் எல்லையைப் பாருங்கள். வெண்டை விதை 40 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடித்து முளைக்கும். லெட்டூஸ், ஸ்பினாச் ஆகியவற்றுக்கு 29, 30 டிகிரிதான் எல்லை. பகலில் வெயில் விழும் நம் தோட்ட மண் அதை எளிதாகத் தாண்டிவிடுகிறது. அந்த மாணவியின் லெட்டூஸ் முளைக்காததற்குக் காரணம் இதுதான்.

இதில் வியப்பான செய்தி என்னவென்றால், அந்த விதைகளில் பல செத்துவிடவில்லை, முளைக்க மறுத்தன. லெட்டூஸின் காட்டு உறவினர்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நிலங்களில் வளர்பவை. அங்கே கோடை என்றால் மழையில்லாத வறட்சி. அந்த வெயிலில் முளைத்த நாற்று கருகிவிடும். குளிர்ந்த மழைக்காலத்தில் முளைத்தது பிழைத்து விதை தரும். பல்லாயிரம் தலைமுறைகளாக இப்படி வடிகட்டப்பட்டு வந்ததால், ‘சூடாக இருந்தால் காத்திரு’ என்ற கட்டளை விதைக்குள்ளேயே பதிந்துவிட்டது. வெப்பம் கூடும்போது விதையில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மிகுந்து, முளைப்பதைத் தடுத்து நிறுத்துகிறது.

பட்டாணி முளைத்தும் காய்க்காமல் போனதற்குக் காரணம் வேறு. செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை தயாரிக்கின்றன; இரவும் பகலும் சுவாசத்தால் அதைச் செலவு செய்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பட்டாணி பழகியது 8, 10 டிகிரி இரவுகளுக்கு. நம் 24 டிகிரி இரவில், பகலில் சம்பாதித்ததில் பெரும்பங்கை அது இரவிலேயே செலவழித்துவிடுகிறது. மிஞ்சும் கொஞ்சத்தில் பூவுக்கும் காய்க்கும் என்ன கிடைக்கும்? போதாததற்கு, கடும் வெப்பம் மகரந்தத்தையும் கெடுக்கிறது. பூ உதிராமல் என்ன செய்யும்?

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

உறைபனியில் நம் ஊர்ச் செடிகள் மடிந்துவிடும். ஸ்பினாச்சும் பட்டாணி நாற்றும் மட்டும் எப்படித் தாங்குகின்றன?

கேமரன் மலைக்குத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுபோனவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கலாமென்று எடுத்தால், எண்ணெய் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகத் தொடங்கும். அதே அறையில் சூரியகாந்தி எண்ணெய் நீர்மமாகவே இருக்கும். காரணம், தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம்.

செடியின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதே. குளிர் நாட்டுச் செடிகள் குளிர் தொடங்கும்போது தம் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. அதனால் குளிரிலும் சவ்வு இளகியே இருக்கிறது. வெப்ப மண்டலச் செடிகளால் இதை அந்த அளவுக்குச் செய்ய முடிவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுத்துப் போவதையும், கத்தரிக்காயில் பழுப்புக் குழிகள் விழுவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். சவ்வு சிதைந்ததன் அடையாளங்கள் அவை.

இன்னொரு தந்திரம் சர்க்கரை. குளிர் கூடக்கூட ஸ்பினாச், முட்டைக்கோஸ் போன்றவை செல்சாற்றில் சர்க்கரையைச் சேர்த்துவைக்கின்றன. உப்புக் கரைத்த நீர் எளிதில் உறையாதது போலவே, சர்க்கரை கரைந்த செல்சாறும் எளிதில் உறைவதில்லை. உறைபனி பட்ட கீரை கூடுதலாக இனிக்கும் என்று குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அன்று.

குளிரை நினைவில் வைக்கும் துலிப்

வசந்தத்தின் தொடக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது துலிப் பூ. இணையத்தில் துலிப் கிழங்கு வாங்கித் தொட்டியில் நட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. இலை வரும், பூ வராது.

துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைநாடு. குளிர்காலம் முடிந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை அது பூத்தண்டை நீட்டாது. அந்த உறுதிக்கு 12 முதல் 16 வாரம் வரை, சுமார் 2 முதல் 9 டிகிரிக் குளிர் தேவை. இடையில் வரும் நான்கு நாள் இளவெயிலை நம்பிப் பூத்தால், அடுத்த பனியில் எல்லாம் போய்விடும் அல்லவா? அதனால்தான் இந்த எச்சரிக்கை.

குளிர்பட்ட பிறகே பூக்கும் இந்தப் பழக்கத்தை ‘ரை’ என்ற தானியப் பயிரில் ஆராய்ந்து, ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் காஸ்னர் 1918இல் வெளியிட்டார். கடுகின் உறவான சிறு செடியொன்றில், பூப்பதைத் தடுத்து நிறுத்தும் மரபணு ஒன்றைப் பின்னாளில் அறிவியலாளர்கள் கண்டுபிடித்தனர். குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும்போது அந்த மரபணு கொஞ்சம் கொஞ்சமாக வாயடைத்துப் போகிறது. குளிர் விலகிய பிறகும் அது அப்படியே அடங்கியிருக்கிறது. மூளை இல்லாத செடிக்கு இது ஒரு வகை நினைவாற்றல்தான்.

சிங்கப்பூரின் ‘கார்டன்ஸ் பை த பே’ கண்ணாடிக் குவிமாடத்தில் துலிப் பூக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே காற்று குளிரூட்டப்படுகிறது. கிழங்குகளும் தமக்கு வேண்டிய குளிரைப் பெற்ற பிறகே காட்சிக்கு வருகின்றன. வீட்டில் முயல விரும்பினால், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் கிழங்கை 12 வாரமாவது வைக்க வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூ மொட்டைக் கொன்றுவிடும்.

இரவில் எரியும் விளக்குகள்

கேமரன் மலையில் இரவில் வண்டியில் போனவர்கள், சரிவெங்கும் மஞ்சள் ஒளியில் மின்னும் பந்தல்களைக் கண்டிருப்பீர்கள். அவை செவ்வந்திப் பண்ணைகள். பூவுக்கு எதற்கு விளக்கு?

பகலின் நீளத்தைக் கொண்டு செடிகள் பருவத்தைக் கணக்கிடுகின்றன என்பதை 1920இல் அமெரிக்க ஆய்வாளர்களான கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியைக் கொண்டு நிறுவினர். செவ்வந்தி, இரவு நீண்டால் பூக்கும் செடி. நமக்கோ ஆண்டு முழுவதும் சுமார் 12 மணி நேர இரவு. விட்டுவிட்டால் செடி சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். நீண்ட காம்பு கிடைக்காது. அதனால் விவசாயிகள் இரவில் விளக்கேற்றி, நீண்ட இருளைத் துண்டாக்குகிறார்கள். இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி, ‘இரவு குறுகியது, இன்னும் வளரலாம்’ என்று செடிக்கு உணர்த்துகிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்தால் மொட்டு வைக்கும். கோயில் மாலைக்கும் பூங்கொத்துக்கும் வேண்டிய நாளில் பூ கிடைப்பதன் இரகசியம் இது.

வெங்காயத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஐரோப்பிய வெங்காய ரகங்கள் பகல் 14 முதல் 16 மணி நேரமானால்தான் குமிழ் கட்டும். அந்த விதையை இங்கே எத்தனை உரமிட்டு வளர்த்தாலும் தாள் மட்டுமே கிடைக்கும். பொட்டலத்தில் ‘குறும்பகல் ரகம்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வெங்காய விதை வாங்காதீர்கள்.

மலைமேல் ஒரு வசந்தம்

மூன்று செய்திகளில் ஒன்றையாவது நம் நாட்டில் பெற வேண்டுமானால் ஒரே வழி, மேலே ஏறுவதுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டரில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9 டிகிரிக்கும் மேல் குறைய வேண்டும். கோலாலம்பூரின் சராசரி 27 என்றால், அங்கே 18 வருகிறது. உண்மையான அளவும் அதை ஒட்டியதே. அதனால்தான் முட்டைக்கோஸும் லெட்டூஸும் ஸ்ட்ராபெரியும் அங்கே விளைகின்றன. ஆனால் பகலின் நீளம் அங்கும் 12 மணி நேரம்தான். குளிர்காலம் அங்கும் இல்லை.

இந்த வசந்தத்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தும்போது, மழை மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் அந்த மண் வந்து படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. குளிர் நாட்டுக் காய்கறியே வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, மலைக்கு நெருக்கடி கூடும். சமவெளியில் வளர்வதைச் சமவெளியிலேயே வளர்த்துச் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் என்ன நடலாம்?

வெப்பத்தை விரும்பும் காய்கறிகளை முதலில் எடுங்கள். வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகற்காய், பாயாம், கங்கோங், சவி ஆகியவற்றுக்கு நம் நாட்டில் விதைக்கக் கூடாத மாதம் என்று ஒன்று இல்லை. தொடர்மழை நாள்களில் மட்டும் நாற்றுக்கு மறைப்புக் கொடுங்கள். ஸ்பினாச்சின் இடத்தைக் கொடிப்பசலை அழகாக நிரப்பும். பூக்களில் துலுக்கச் சாமந்தி, ஜின்னியா, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, செம்பருத்தி ஆகியவை வெயிலை வரமாக எடுத்துக்கொள்பவை.

பட்டாணியின்மீதுதான் ஆசை என்றால், காயை மறந்து தளிரை அறுவடை செய்யுங்கள். ஊறவைத்த பட்டாணியைத் தட்டில் நெருக்கமாகத் தூவி, சமையலறைச் சன்னலோரம் வையுங்கள். விதைக்கென மருந்து பூசி விற்கும் பட்டாணியைத் தவிர்த்து, சமையலுக்கு விற்கும் முழுப் பட்டாணியை வாங்குங்கள்; உடைத்த பட்டாணி முளைக்காது. இரண்டு வாரத்துக்குள் வெட்டி வதக்கலாம். சீனக் கடைகளில் ‘டௌ மியாவ்’ என்று கேட்டால் தருவது இந்தத் தளிர்தான். பூக்கும் கட்டத்துக்குச் செடி போவதே இல்லை என்பதால் வெப்பம் அதைத் தோற்கடிக்க நேரமில்லை.

லெட்டூஸ் வேண்டுமானால் வெப்பம் தாங்கும் ரகமாக வாங்குங்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். பல லெட்டூஸ் ரகங்கள் முளைக்க ஒளியும் வேண்டும். முற்றுவதற்குக் காத்திராமல் இளம் இலையாகவே பறியுங்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

நான்கு தட்டுகளில் ஈரமான மெல்லிழைத் தாளை விரியுங்கள். இரண்டில் 20 லெட்டூஸ் விதைகள் வீதமும், மற்ற இரண்டில் 20 வெண்டை விதைகள் வீதமும் வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு தட்டை மூடி, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள். எடுக்கும் நாளன்று மற்ற இரண்டு தட்டுகளையும் தயார் செய்யுங்கள். நான்கையும் வெளிச்சமான ஒரே இடத்தில் ஒரு வாரம் வைத்து, ஈரம் காயாமல் பார்த்து, முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணுங்கள்.

இங்கே குளிர்தான் தற்சார்பு மாறி. முளைத்த விதைகளின் எண்ணிக்கை சார்பு மாறி. ஒளி, நீர், இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். குளிர்பட்ட லெட்டூஸ் முந்துகிறதா? குளிர்பட்ட வெண்டைக்கு என்ன ஆகிறது? ரகத்துக்கு ரகம் விடை மாறும். ஆகவே ஊகிக்காமல் எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவியும் இதைச் செய்து பார்த்தாள். மிச்சமிருந்த அதே பொட்டலத்து லெட்டூஸ்தான். குளிரில் இருந்துவந்த தட்டில் ஐந்தாம் நாள் வெள்ளை வேர்கள் தெரிந்தன. மற்றத் தட்டில் இரண்டே இரண்டு. நோட்டில் எண்ணிக்கையை எழுதி என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

“விதை நல்ல விதைதான், டீச்சர். நான்தான் சூட்டில் வைத்துவிட்டேன்” என்றாள்.

கைராசியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் பள்ளித் தோட்டத்தில் அவள் விதைத்தது பயற்றங்காய். இப்போது பந்தல் கட்டக் கம்பு தேடிக்கொண்டிருக்கிறாள்.